நெல்லின் சுணை பறித்த கண்: பதிவேட்டில் இடம்பெறாத பணிக்காயம்

வேளாண் கூலித் தொழிலாளிப் பெண் ஒருவரின் மருத்துவக் கோப்பு, இழப்பீடு கோர முடியுமா என்ற கேள்வியோடு என்னிடம் வந்தது. அவருக்கு வயது நாற்பது. வலக்கண் அகற்றப்பட்டிருந்தது. கோப்பிலிருந்த எல்லாத் தாள்களும் ஒன்றையே கூறின: பூஞ்சைத் தொற்று, கருவிழியில் துளை, கண்ணுக்குள் தொற்றுப் பரவல், கண் அகற்றம். அந்தத் தொற்று எதனால் வந்தது, எந்த வேலையின்போது வந்தது, யாருடைய களத்தில் வந்தது என்பது பற்றி ஒரு சொல்கூட எழுதப்பட்டிருக்கவில்லை.

அவரிடம் கேட்டேன். கதிர் அடிக்கும்போது நெல்லின் சுணை கண்ணில் தெறித்தது. முந்தானையால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மறுநாளும் களத்துக்குப் போனார். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கினார். பத்து நாள் கழித்துக் கண்ணில் பூ விழுந்தது. இதை ஏன் மருத்துவரிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "களத்துல எல்லாருக்குந்தான் கண்ணுல தூசி விழுது. இதையெல்லாமா டாக்டர்கிட்ட சொல்லுவாங்க, வக்கீலம்மா? அவங்களும் கேக்கல" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது. பூஞ்சைத் தொற்றால் கண் பறிபோவதை நம் ஊர்களில் விதி என்கிறார்கள். மருத்துவமனைகள் அதை நோய் என்கின்றன. மிகப் பெரும்பாலான நேர்வுகளில் அது பணிக்காயம். முதல் சில மணி நேரங்களில் தடுத்திருக்கக்கூடிய காயமும்கூட. காயம் என்று பதிவாகாத ஒன்றுக்குச் சட்டத்தில் பரிகாரம் தேடுவது கடினம். ஆகவே மருத்துவ உண்மைகளையும் சட்ட நிலையையும் சேர்த்து அறிந்துகொள்வது நமக்கு அவசியமாகிறது.

கீறல் புண்ணாகும் விதம்

கருவிழி என்பது கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் அமைந்த ஒளிபுகும் படலம். அதன் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே கொண்டது. ஒளி தடையின்றிப் புக வேண்டும் என்பதால் அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. உடலின் பிற இடங்களில் காயம் பட்டால் இரத்தத்தின் வழியே பாதுகாப்பு அணுக்கள் விரைந்து வந்து சேரும். கருவிழியில் அந்தப் பாதுகாப்பு தாமதமாகவே கிடைக்கிறது. அதன் மேற்பரப்பில் உள்ள மெல்லிய தோல் போன்ற அடுக்கே முதல் அரண். அந்த அடுக்கு முழுமையாக இருக்கும்வரை பூஞ்சை பெரும்பாலும் உள்ளே நுழைவதில்லை.

நெல்லின் சுணை, உமி, கரும்புத் தோகை, சோளத் தட்டை, மரக்கிளை, வைக்கோல் துணுக்கு, மண் துகள் ஆகியவை அந்த அரணைக் கீறுகின்றன. அவற்றின்மீதே பூஞ்சையின் வித்துகள் ஒட்டியிருக்கின்றன. அதாவது காயமும் தொற்றும் ஒரே பொருளின் வழியாக ஒரே கணத்தில் வந்து சேர்கின்றன. ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் ஆகிய பூஞ்சைகள் தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்கு முதன்மைக் காரணங்கள். இவை மண்ணிலும் அழுகும் பயிர்ப்பொருளிலும் இயல்பாக வாழ்பவை.

பாக்டீரியத் தொற்று பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே கடும் வலியோடும் சீழோடும் வெளிப்படும். பூஞ்சையோ மெதுவாக வளர்வது. தொடக்கத்தில் உறுத்தல், நீர்வடிதல், சிவப்பு என்ற அளவில் நின்றுவிடும். அந்த அமைதிதான் ஆபத்து. அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவர், பொறுத்துக்கொள்ளக்கூடிய வலிக்காக ஒரு நாள் வேலையை விடுவதில்லை. வெண்புள்ளி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்தபின் மருத்துவமனைக்குப் போகும்போது, பூஞ்சையின் இழைகள் கருவிழியின் ஆழத்தில் வேர்விட்டிருக்கும்.

கண்ணுக்குள் நுழைந்தபின்

பூஞ்சை இழைகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கருவிழியின் உட்புறத்தில் உறுதியான ஒரு சவ்வு இருக்கிறது. பூஞ்சை இழைகள் அந்தச் சவ்வைக் கிழிக்காமலேயே ஊடுருவிச் செல்ல வல்லவை. வெளியே பார்த்தால் கருவிழி இன்னும் துளைபடாமல் இருக்கும். உள்ளே கண்ணின் முன்னறையில் சீழ் தேங்கியிருக்கும். இந்த நிலையிலிருந்து சிக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

முதலாவது, கருவிழி உருகித் துளைபடுதல். கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் வெளியேறி, உள்திசு பிதுங்கி வரும். அப்போது கொடையாகப் பெற்ற கருவிழியைப் பொருத்தும் அவசர அறுவை சிகிச்சையைத் தவிர வழி குறைவு. அந்த அறுவை பார்வையைத் திருப்பித் தருவதற்காகச் செய்யப்படுவதன்று. கண்ணைக் காப்பாற்றவே செய்யப்படுகிறது. பொருத்திய கருவிழியிலும் தொற்று மீண்டும் வரலாம். உடல் அதை ஏற்காமலும் போகலாம்.

இரண்டாவது, தொற்று கண்ணின் பின்னறைக்குப் பரவுதல். பின்னறையை நிரப்பியிருக்கும் கூழ் போன்ற பொருளில் பூஞ்சை பெருகி விழித்திரையை அழிக்கிறது. மருத்துவர்கள் இதை எண்டாஃப்தல்மைட்டிஸ், அதாவது கண் உள்ளழற்சி என்கிறார்கள். சொட்டு மருந்து அந்த ஆழத்தைப் போதிய அளவில் சென்றடைவதில்லை. ஊசி வழியே மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்த வேண்டும். பல வேளைகளில் அந்தக் கூழையே அறுவை மூலம் அகற்ற வேண்டும். இத்தனைக்குப் பிறகும் பார்வை மீள்வது உறுதியன்று.

மூன்றாவது, கண் அழுத்த நோய், கண்புரை, நிலையான தழும்பு ஆகியவை. தொற்று அடங்கிவிட்டாலும் தழும்பு பார்வையை மறைத்து நிற்கும். நான்காவது, கண் சுருங்கி உருவழிந்துபோதல். வலி அடங்காத, தொற்று கட்டுப்படாத நிலையில் கண்ணையே அகற்றுவது கடைசிச் சிகிச்சையாகிறது.

பூஞ்சை கண்ணுக்குள் புக வேறு வழிகளும் உள்ளன. கண் அறுவை சிகிச்சையின்போது தூய்மை தவறினால் நுழையலாம். கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இரத்தத்தின் வழியே வந்து சேரலாம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது அச்சுறுத்திய கரும்பூஞ்சை நோய், மூக்கிலிருந்தும் அதன் பக்க அறைகளிலிருந்தும் கண்குழிக்குப் பரவியது. ஆனால் ஆண்டுதோறும் அறுவடைக் களத்திலிருந்து வரும் தொற்று இவற்றிலிருந்து வேறுபட்டது. அதற்கு அலையும் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை.

இவை யாருடைய கண்கள்?

மதுரையில் 1994 சனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில், கருவிழிப் புண்ணோடு வந்த 434 நோயாளிகள் ஆராயப்பட்டனர். அவர்களில் 284 பேருக்கு, அதாவது 65.4 விழுக்காட்டினருக்கு, முன்னதாகக் கருவிழியில் காயம் பட்டிருந்தது. ஆய்வகத்தில் கிருமி வளர்ந்த 297 பேரில் 139 பேருக்குப் பூஞ்சை மட்டுமே காரணம், அது 46.8 விழுக்காடு. கண்டறியப்பட்ட பூஞ்சைகளில் ஏறத்தாழப் பாதி ஃபியூசேரியம். அந்த மூன்று மாதங்கள் நம் ஊர்களில் எந்தக் காலம் என்பதைக் கிராமத்திலிருந்து வந்த எந்த மாணவரும் சொல்லிவிடுவார்: தை அறுவடையும் அதன் தொடர்ச்சியும்.

அதே மதுரை மாவட்டத்தில் 1993-இல் பத்தாயிரம் பேருக்கு 11.3 பேர் என்ற வீதத்தில் கருவிழிப் புண் ஏற்பட்டதாக மற்றோர் ஆய்வு கணக்கிட்டது. அந்த வீதத்தை நாடு முழுமைக்கும் பொருத்தினால் ஆண்டுக்கு 8,40,000 பேர் வருவார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். உலகளவில் பூஞ்சைக் கருவிழிப் புண் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்குகிறது என்றும், அதனால் ஆண்டுதோறும் 84,000-க்கும் மேற்பட்ட கண்கள் அகற்றப்படுகின்றன என்றும் 2021-இல் வெளியான மதிப்பீடு கூறியது. இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், ஐம்பது வயதுக்கு உட்பட்டோரின் பார்வையின்மைக்கு முதன்மைக் காரணமாக வந்தது கருவிழி வெண்மையே, 37.5 விழுக்காடு.

மருத்துவ ஆய்வுகள் நோயாளியின் தொழிலைப் பதிவு செய்கின்றன. சாதியைப் பெரும்பாலும் பதிவு செய்வதில்லை. அந்த இடைவெளியை மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு ஓரளவு நிரப்பலாம். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தத் தொழிலாளர்களில் வேளாண் கூலிகள் 30 விழுக்காடு. பட்டியல் சாதித் தொழிலாளர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 46 விழுக்காடாக உயர்கிறது. சொந்தச் சாகுபடியாளர்களாக இருக்கும் பட்டியல் சாதியினரோ 15 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலம் உள்ளவர் வரப்பில் நிற்கிறார். கட்டைச் சுமப்பவரும் கதிரை அடிப்பவரும் நெல்லைத் தூற்றுபவரும் நிலமற்றவர்கள். சாதி வேலையை மட்டும் பங்கிடுவதில்லை. வேலையின் ஆபத்தையும் சேர்த்தே பங்கிடுகிறது.

அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்டனவே என்று சிலர் கேட்கலாம். இயந்திரம் கதிர் அறுக்கும் வேலையைக் குறைத்திருக்கிறது, தூசியை அகற்றிவிடவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தூற்றுவதும், மூட்டை பிடிப்பதும், சுமை ஏற்றுவதும், அரிசி ஆலையில் உமி அள்ளுவதும், கரும்பு வெட்டுவதும் இன்றும் மனிதக் கைகளால்தான் நடக்கின்றன. அங்கே நிற்பவர்களும் பெரும்பாலும் அதே மக்கள்தாம்.

முதல் பதினெட்டு மணி நேரம்

இவ்வளவு பெரிய இழப்பைத் தடுக்க மிக எளிய வழி ஒன்று நேபாளத்தின் பக்தபூரில் சோதிக்கப்பட்டது. அங்கே கருவிழியில் கீறல் பட்ட 442 பேருக்கு, பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் குளோராம்ஃபெனிகால் களிம்பை மூன்று நாள் கொடுத்தனர். 424 பேருக்குப் புண் வராமலேயே கீறல் ஆறியது. காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் ஏற்படவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் நால்வருக்கு ஏற்பட்டது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு ஏற்பட்டது. ஒரு நாள் தாமதம் என்பதன் பொருளை இந்த எண்களைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

அந்தக் களிம்பு பாக்டீரியத்துக்கு எதிரானது. பூஞ்சைக்கு எதிரானது அன்று. பின்னர் மதுரை மாவட்டக் கிராமங்களில் பூஞ்சைக்கொல்லியைச் சேர்த்தும் சேர்க்காமலும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தனர். பாக்டீரிய எதிர்ப்புக் களிம்பு மட்டுமே போதுமானதாகத் தோன்றுகிறது என்ற முடிவு 2006-இல் வெளியானது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நேபாளத்தில் 24 ஊராட்சி வட்டாரங்களை இரு பிரிவாக்கி நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. கிராமப் பணியாளர் திட்டம் இருந்த ஊர்களுக்கும் இல்லாத ஊர்களுக்கும் இடையே கருவிழிப் புண்ணின் வீதத்தில் குறைவு காணப்படவில்லை. மருந்து முன்பே எளிதாகக் கிடைக்காத பகுதிகளில் மேலும் ஆராய்வது பயன்படலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஆகவே களிம்புக் குழாய்களை ஊருக்கு ஊர் விநியோகிப்பதோடு கடமை முடிந்தது என்று எந்த அரசும் சொல்லிவிட முடியாது. காயம் பட்டவர் அதே நாளில் வேலையை நிறுத்திவிட்டு வரக்கூடிய நிலை இருக்கிறதா என்பதே அடிப்படைக் கேள்வி. கண்ணில் தூசி விழுந்தவருக்கு அரை நாள் கூலியோடு விடுப்பு என்பது எந்தக் களத்தில் நடைமுறையில் இருக்கிறது?

மருந்துக் கடையில் தொடங்கும் தவறு

புண் வந்த பிறகும் கண்ணைக் காப்பாற்ற வழி உண்டு. புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையின் இழைகளை அன்றே காணலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பூஞ்சை என்று தெரிந்தால் நேட்டமைசின் சொட்டு மருந்து முதல் தெரிவு. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு, விலை மிகுந்த வோரிகோனசோலைவிட நேட்டமைசினே மேலானது என்று 2013-இல் நிறுவியது. ஃபியூசேரியம் பூஞ்சையில் அந்த வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் நேட்டமைசினை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. உலகத்துக்கு இந்தச் சான்றை வழங்கியவை பெரும்பாலும் நம் ஊர் உழைப்பாளிகளின் கண்கள். அந்த மருந்து அவர்களுடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறதா என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் நாம் கேட்க வேண்டும்.

இந்தச் சிகிச்சைக்கு முன்பாகவே பல கண்கள் கெட்டுவிடுகின்றன. கடையில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டால் கிடைக்கும் சொட்டு மருந்துகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. ஸ்டீராய்டு சிவப்பையும் உறுத்தலையும் குறைக்கும். குணமாகிறது என்ற நம்பிக்கையைத் தரும். அதே வேளையில் கண்ணின் எதிர்ப்பாற்றலை அடக்கிப் பூஞ்சை ஆழமாகப் பரவ இடங்கொடுக்கும். ஸ்டீராய்டு மருந்துகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணையைச் சேர்ந்தவை. விதி காகிதத்தில் இருக்கிறது. தாய்ப்பால், இலைச்சாறு, எண்ணெய் ஆகியவற்றைக் கண்ணில் விடும் பழக்கமும், துணி நுனியால் தூசியை எடுக்கும் பழக்கமும் தொற்றைக் கூட்டக்கூடியவை. ஆனால் இவற்றை மக்களின் அறியாமை என்று மட்டும் பழித்துவிட்டு நகர்வது நியாயமன்று. கண் மருத்துவர் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது, பக்கத்தில் இருப்பது கடையும் கைவைத்தியமும்தான்.

சிகிச்சையின் தன்மையையும் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை மருந்து விட வேண்டும்; சிகிச்சை வாரக்கணக்கில் நீளும். நோயாளியின் கூலியும் போகிறது. உடனிருப்பவரின் கூலியும் போகிறது. பாதியில் மருந்தை நிறுத்திவிட்டார் என்று கோப்பில் எழுதப்படும்போது, ஏன் நிறுத்தினார் என்பது எழுதப்படுவதில்லை.

சட்டம் யாரை எண்ணுகிறது?

பணியின் காரணமாகவும் பணியின்போதும் நேர்ந்த விபத்தால் ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த அடிப்படையைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. சுணை கண்ணில் தெறித்தது விபத்து. அதன் வழியே வந்த தொற்றும், அதன் விளைவான பார்வையிழப்பும் அந்த விபத்தின் தொடர்ச்சி. சங்கிலியின் முதல் கண்ணியை நிறுவிவிட்டால் மற்றவை தாமே தொடரும்.

அட்டவணையின்படி, மற்றக் கண் இயல்பாக இருக்க, ஒரு கண்ணை இழந்தால் 40 விழுக்காடும், கண் உருவழியாமல் பார்வை மட்டும் போனால் 30 விழுக்காடும் உழைப்புத்திறன் இழப்பாகக் கொள்ளப்படும். நாற்பது வயதும் மாதம் 10,000 ரூபாய் கூலியும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கூலியில் 60 விழுக்காடு 6,000 ரூபாய். அதை அந்த வயதுக்குரிய காரணியான 184.17-ஆல் பெருக்கினால் 11,05,020 ரூபாய். கண்ணை இழந்தவருக்கு அதில் 40 விழுக்காடு, அதாவது 4,42,008 ரூபாய். கண் இருந்து பார்வை மட்டும் போனவருக்கு 3,31,506 ரூபாய். சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவையும் வேலையளிப்பவர் தர வேண்டும். மேலும், இந்த விழுக்காடுகளே இறுதி வரம்பு என்று எண்ணிவிடத் தேவையில்லை. இடக்கையை இழந்த தச்சர் ஒருவர் இனித் தச்சுவேலை செய்ய முடியாது என்பதால் அது முழு உழைப்புத்திறன் இழப்பே என்று 1975-இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தொழிலோடு பொருத்திப் பார்த்தே இழப்பை அளக்க வேண்டும் என்று வாதிட அது துணைசெய்கிறது.

முதல் தடை, யார் பணியாளர் என்ற வரையறை. மையச் சட்டத்தின் பணியாளர் பட்டியலில் டிராக்டர் முதலிய இயந்திரங்களைக் கொண்டு செய்யும் வேளாண்மை, இயந்திர அறுவடை, இயந்திரக் கதிரடிப்பு ஆகியவை உள்ளன. கிடங்குகளிலும் சந்தைகளிலும் சரக்கைக் கையாளுவோரும் உள்ளனர். ஆகவே கதிரடிக்கும் இயந்திரத்தில் கட்டு கொடுப்பவரும், நெல் கிடங்கில் மூட்டை சுமப்பவரும், அரிசி ஆலைத் தொழிலாளியும் உரிமை கோரலாம். ஆனால் கையால் அறுத்து, கையால் அடித்து, முறத்தால் தூற்றுபவர் இந்தச் சொற்களுக்குள் எளிதில் அடங்கமாட்டார். ஒரே சுணை, ஒரே பூஞ்சை, ஒரே இழப்பு. இயந்திரம் பக்கத்தில் ஓடியதா என்பதைப் பொறுத்து உரிமை மாறுகிறது.

இரண்டாவது தடை, வேலையளிப்பவர் யார் என்பது. கூலிக் குழுவை அழைத்துவரும் இடையாள், குத்தகைதாரர், நில உடைமையாளர் ஆகியோர் ஒருவர்மீது ஒருவர் கைகாட்டுவார்கள். வருகைப் பதிவேடும் இல்லை, கூலிச் சீட்டும் இல்லை. அடுத்த பருவத்தில் அதே நிலத்தில் வேலை வேண்டும் என்பதால் உடன் வேலை செய்தவர்கள் சாட்சி சொல்லத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஊரின் சாதி அதிகாரம் நிற்கிறது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டின் வேளாண் தொழிலாளர் - விவசாயிகள் நலச் சட்டமும், 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டமும் விபத்துக்கு உதவித்தொகை வழங்க இடமளிக்கின்றன. வேலையளிப்பவரை அடையாளம் காட்ட முடியாதவர்களுக்கு இது முக்கியமான வழி. ஆனால் அங்கேயும் விபத்து என்பதற்குச் சான்று வேண்டும். "தொற்று" என்று மட்டும் எழுதிய தாள் விபத்துச் சான்று ஆகாது.

ஒற்றைக் கண்ணின் கணக்கு

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பார்வையின்மையையும் குறைபார்வையையும் இரு கண்களில் மேலான கண்ணைக் கொண்டே வரையறுக்கிறது. மதிப்பீட்டு வழிகாட்டுதல்படி ஒரு கண் முற்றிலும் போய், மற்றக் கண் நன்றாக இருந்தால் 30 விழுக்காடு. வேலைவாய்ப்பு ஒதுக்கீடு போன்றவற்றுக்குத் தேவையான வரையளவு 40 விழுக்காடு. ஆகவே ஒரு கண்ணை இழந்தவர் பார்வையிழந்தோர் கணக்கிலும் வருவதில்லை, ஒதுக்கீட்டிலும் வருவதில்லை. தொலைவை அளக்கும் திறன் குறைந்து அரிவாள் பிடிக்கவே அஞ்சும் ஒருவர், அரசின் கண்ணில் நலமானவர்.

ஆயினும் வரையளவுக்குக் கீழே இருப்போருக்கு உரிமையே இல்லை என்பது தவறு. 40 விழுக்காடு என்பது குறிப்பிட்ட சில பயன்களுக்கான அளவு மட்டுமே. மாற்றுத்திறனாளி என்பதற்கான பொது வரையறை அதைவிட விரிந்தது என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பாகுபாடு காட்டப்படாமல் இருக்கும் உரிமையும், தக்க வசதி கோரும் உரிமையும் ஒற்றைக் கண் பார்வையுள்ளவருக்கும் உண்டு என்று வாதிட இதில் இடம் இருக்கிறது. கல்லூரியில் பயிலும் போதே கண்ணை இழந்த மாணவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

கண்ணில் ஏதேனும் பட்டால் கசக்காமல் தூய நீரால் கழுவ வேண்டும்; குத்தி நிற்கும் பொருளைத் தாமே பிடுங்கக் கூடாது; அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்; கடையில் தாமாகச் சொட்டு மருந்து வாங்கக் கூடாது. இது ஒவ்வொரு குடியிருப்பிலும் அறுவடைக்கு முன் சொல்லப்பட வேண்டிய செய்தி. கூட்டங்களுக்கு வரும் தோழர்கள் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

மருத்துவமனையில், காயம் எப்படி, எங்கே, எந்த வேலையின்போது பட்டது என்பதை நோயாளியே சொல்லி எழுதச் செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்யக் கோரி நகல் பெற வேண்டும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறை. கடையில் வாங்கிய மருந்துக் குப்பியையும் இரசீதையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும். என்னிடம் வந்த அந்தப் பெண்ணின் கோப்பில் அந்த ஒரு வரி இருந்திருந்தால், இன்று உடன் வேலை செய்தவர்களின் வாய்மொழியை மட்டுமே நம்பி அவருடைய கோரிக்கை நிற்கும் நிலை வந்திருக்காது.

அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகளும் தெளிவானவை. 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு கரும்பூஞ்சையைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. எண்ண வேண்டும் என்று அரசு கருதினால் எண்ண முடியும் என்பதற்கு அது சான்று. அதேபோல் வேலையின்போது வரும் பூஞ்சைக் கருவிழிப் புண்ணையும் பதிவு செய்து எண்ண வேண்டும். தொழில்சார் நோய்களின் சட்ட அட்டவணை, தொற்று ஆபத்து மிகுந்த பிற வேலைகளையும் பொதுவாகக் குறிப்பிடுகிறது. களத்து வேலையை அதில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். கைமுறை வேளாண் வேலைகள் அனைத்தையும் இழப்பீட்டு வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் களிம்பும், வட்ட மருத்துவமனைகளில் நுண்ணோக்கிச் சோதனையும் நேட்டமைசினும் இருக்க வேண்டும். அரசே நடத்தும் கொள்முதல் நிலையங்களில் தூற்றுபவருக்கும் சுமப்பவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வழங்குவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. வேளாண்மையில் பாதுகாப்பும் உடல்நலமும் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 184-ஆம் உடன்படிக்கை 2001-இல் ஏற்கப்பட்டது. இந்தியா அதை இன்னும் உறுதிசெய்யவில்லை.

இக்கோரிக்கைகளுக்கு அரசமைப்பின் அடித்தளம் உண்டு. தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவசரச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்று 1996-இல் அது தீர்ப்பளித்தது; அந்த வழக்கை நடத்தியது மேற்கு வங்கத்தின் வேளாண் தொழிலாளர் சங்கம் ஒன்று. வயலில் உழைப்பவர்கள் போராடி நாட்டுக்கே பெற்றுத்தந்த உரிமை அது.

அறுவடை முடிந்த வாரங்களில் உங்கள் ஊரிலோ சேரியிலோ கண் கட்டோடு ஒருவரைக் கண்டால், என்ன ஆயிற்று என்று கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். எந்தக் களத்தில், எந்த நாளில், யாருடைய வேலையில் என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். உடனிருந்தவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். மருத்துவமனை கேட்கத் தவறிய கேள்வியை நாமாவது கேட்டுவிட்டால், வழக்கின் முதல் சான்று அன்றே நம் கையில் இருக்கும்.